பழைய மடக்குச் சவரக் கத்திகளைச் சீரமைத்தல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மடக்கினால் பிடிக்குள் போய் அடங்கிவிடும் பழைய சவரக் கத்தியைப் பற்றியது இந்தப் பக்கம். பிளேடு மாற்றிப் போடுகிற வகை இதில் சேராது. பரணிலிருந்தோ பழைய பொருள் விற்பவரிடமிருந்தோ துருப்பிடித்த கத்தி ஒன்று கைக்கு வந்து சேர்ந்தவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். எல்லாப் பதில்களுக்கும் அடியில் ஒரே எண்ணம்தான் ஓடுகிறது: தேய்ந்துபோன எஃகு திரும்ப வராது. ஆகவே எடுக்க வேண்டியதற்கு மேல் ஒரு துகளும் எடுக்கக் கூடாது.

என் கையில் இருக்கும் கத்தி சீரமைக்கத் தகுந்ததா?

முதலில் கூர்விளிம்பைப் பாருங்கள், மற்றதெல்லாம் பிறகு. முதுகிலும் (விளிம்புக்கு எதிரே உள்ள தடித்த ஓரம்) வாலிலும் (விரல் வைக்க ஆணிக்கு அப்பால் நீளும் நுனி) அட்டக்கரியாகத் துரு ஏறியிருந்தாலும் கவலையில்லை. விளிம்பை ஒட்டிய இரண்டு மூன்று மில்லிமீட்டரில்தான் கத்தியின் உயிர் இருக்கிறது.

சன்னல் வெளிச்சத்தில், பத்து மடங்கு பெருக்கிக் காட்டும் கண்ணாடியோடு உட்காருங்கள். விளிம்பிலிருந்து மேலே ஏறும் மயிரிழை போன்ற கோடு தென்பட்டால், அங்கே ஒரு சொட்டு மெல்லிய எண்ணெய் விட்டு, நன்றாகத் துடைத்துவிட்டு, சில நிமிடங்கள் கழித்துப் பாருங்கள். கோட்டிலிருந்து எண்ணெய் மறுபடி கசிந்தால் அது விரிசல். விரிசல் விட்ட கத்தி எத்தனை அழகாக இருந்தாலும் முகத்தில் வைக்கக் கூடாது. அதைத் துடைத்து எண்ணெயிட்டு அலமாரியில் வைத்துவிடுங்கள்.

அடுத்தது துருக்குழி. கறை வேறு, குழி வேறு. தையல் ஊசியின் முனையை மெல்ல இழுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்: கறையின் மேல் வழுக்கிக்கொண்டு போகும், குழியில் தட்டும். விளிம்புக்கு அரை மில்லிமீட்டர் மேலே ஒரு கருங்குழி இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். தீட்டத் தீட்ட விளிம்பு மேலேறி ஒருநாள் அந்தக் குழியில் போய் முட்டும். அன்றைக்கு அந்த இடம் பொரிந்து உதிரும். முதுகுப் பக்கத்தில் நூறு குழி இருக்கலாம், விளிம்பில் ஒன்றுகூட ஆகாது.

மூன்றாவது தேய்மானம். இந்தக் கத்தியைக் கல்லில் படுக்க வைத்துத் தீட்டுவதால் விளிம்போடு சேர்ந்து முதுகும் தேயும். முதுகின் இரு ஓரமும் பட்டையாகத் தெரியும். அந்தப் பட்டை குறுகலாகவும் ஒரே சீராகவும் ஓடினால், முன்பு வைத்திருந்தவர் கை தெரிந்தவர். ஒரு பக்கம் அகலமாகவும் மறுபக்கம் இல்லாமலும் இருந்தால், அலகு வளைந்திருக்கலாம், அல்லது யாரோ அழுத்தித் தீட்டியிருக்கலாம். விளிம்பு நடுவில் உள்வாங்கிக் கிடந்தால் அதை நேராக்க நிறைய எஃகைக் கரைக்க வேண்டிவரும். ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாகப் பல் விழுந்திருந்தால் கல்லிலேயே சரிசெய்துவிடலாம்.

இது எந்தக் காலத்துக் கத்தி என்று எப்படித் தெரிந்துகொள்வது?

அலகு முடிந்து வால் தொடங்கும் இடத்தில் காம்பு இருக்கிறது. முத்திரை அங்கேதான் குத்தப்பட்டிருக்கும். பழைய கத்திகளில் அதிகம் காணும் ஊர்ப் பெயர்கள் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு, ஜெர்மனியின் சோலிங்கன், பிரான்சின் தியேர், சுவீடனின் எஸ்கில்ஸ்டுனா.

நாட்டின் பெயர் இருக்கிறதா என்பது நல்ல துப்பு. இறக்குமதியாகும் பொருள்களில் எந்த நாட்டில் செய்யப்பட்டது என்று பொறித்திருக்க வேண்டும் என்ற அமெரிக்கச் சட்டம் 1891இல் நடைமுறைக்கு வந்தது. அதனால் 'இங்கிலாந்து' அல்லது 'ஜெர்மனி' என்று குத்தப்பட்ட கத்திகள் பெரும்பாலும் அதற்குப் பிற்பட்டவை. ஊர்ப் பெயர் மட்டும் இருந்தால் முற்பட்டதாக இருக்க வாய்ப்புண்டு, ஆனால் அதை மட்டும் வைத்து முடிவு கட்டிவிடாதீர்கள். ஆங்கிலேயக் கத்திகளில் மகுடத்தோடு அரசர் பெயரின் முதலெழுத்துகள் இருப்பதுண்டு. 'டபிள்யூ ஆர்' என்பது நான்காம் வில்லியம், 1830 முதல் 1837 வரை. 'வி ஆர்' என்பது விக்டோரியா, 1837 முதல் 1901 வரை. 'ஜி ஆர்' என்று மிகப் பழைய வடிவத்தில் கிடைத்தால் 1830க்கு முற்பட்ட கத்தி உங்கள் கையில் இருக்கிறது. அதில் உப்புத்தாளை வைக்கும் முன் பத்து முறை யோசியுங்கள்.

'வார்ப்பு எஃகு' என்ற பொருள்படும் ஆங்கிலச் சொற்கள் பொறித்திருந்தால், அது பெஞ்சமின் ஹன்ட்ஸ்மன் 1740களில் ஷெஃபீல்டில் உருவாக்கிய மூசை எஃகைக் குறிக்கும். களிமண் மூசையில் எஃகை முழுக்க உருக்கி வார்த்ததால் கசடு நீங்கி, ஒரே சீரான எஃகு கிடைத்தது. சவரக் கத்திக்குத் தேவைப்படும் மெல்லிய விளிம்பை அதற்கு முன்பிருந்த எஃகு இவ்வளவு நம்பகமாகத் தாங்கவில்லை. 'வெள்ளி எஃகு' என்ற பொறிப்பும் வரும். கத்தி செய்பவரான ஜேம்ஸ் ஸ்டோடர்ட்டும் அறிவியலாளர் மைக்கேல் ஃபாரடேயும் 1820களின் தொடக்கத்தில் எஃகில் வெள்ளி முதலியவற்றைக் கலந்து செய்த சோதனைகளுக்குப் பின் அந்தப் பெயர் விற்பனைப் பெயராகவே பரவிவிட்டது.

எழுத்தெல்லாம் அழிந்திருந்தால் உருவம் பேசும். வாலே இல்லாமலோ கட்டை வாலோடோ இருப்பவை பதினெட்டாம் நூற்றாண்டு வழக்கம். தடித்த ஆப்பு வடிவ அலகு பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெரும்பகுதிக்கு உரியது. காகிதம்போல மெலிந்து, இருபுறமும் ஆழமாகக் குழித்த அலகு அந்த நூற்றாண்டின் கடைசியில்தான் பரவலாயிற்று. 1903இல் ஜில்லெட்டின் பாதுகாப்புச் சவரக் கருவி விற்பனைக்கு வந்தபின் மடக்குக் கத்தியின் காலம் மெல்ல இறங்கத் தொடங்கியது.

துருவை எடுக்க முதலில் என்ன செய்ய வேண்டும்?

விளிம்பை மழுக்குங்கள். வருத்தமாகத்தான் இருக்கும், ஆனால் சீரமைக்கும்போது விரலை அறுத்துக்கொள்பவர்கள் எல்லாரும் இதைச் செய்யாதவர்கள்தான். கண்ணாடிக் குவளையின் அடியில் விளிம்பை அழுத்தாமல் ஓரிரு முறை செங்குத்தாக இழுத்தால் போதும். எப்படியும் புதிதாகத்தான் தீட்டப் போகிறோம். விளிம்பின்மேல் ஒட்டுத்தாளை மடித்து ஒட்டிக்கொள்வது இன்னும் நல்லது.

பிறகு வெந்நீரில் சோப்பு கரைத்து, பழைய பல்துலக்கியால் அலகைக் கழுவுங்கள். தொடாமல் கிடந்த கத்தியின் காம்பில் சோப்பும் மயிரும் எண்ணெயும் இறுகிக் கல்லாகியிருக்கும். துரு என்று நினைத்ததில் பாதி இந்த அழுக்காகவே இருப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். நன்றாகத் துடைத்துவிட்டு எண்ணெய் பூசி ஒரு நாள் விட்டுவிடுங்கள். மறுநாள் செந்துரு விரல்நகத்துக்கே பெயர்ந்து வரும். மிஞ்சியதை மிக நுண்ணிய எஃகுப் பஞ்சும் எண்ணெயும் கொண்டு தேயுங்கள். கறுப்பாகவும் வழவழப்பாகவும் எஃகோடு ஒட்டிக்கொண்டு இருப்பது பழமையின் நிறம். அது கத்தியை அரிக்காது, இருந்துவிட்டுப் போகட்டும்.

வினிகரிலோ எலுமிச்சைச் சாற்றிலோ ஊறவைக்கலாமா?

வேண்டாம். அமிலம் துருவோடு நிற்காது. நல்ல எஃகையும் தின்று சாம்பல் நிறமாக்கிவிடும். அலகில் அமிலத்தால் பொறித்த பூவேலை இருந்தால் அதுவும் மங்கிப்போகும். மின்சாரம் பாய்ச்சித் துரு எடுக்கும் முறையும் இவ்வளவு கடினமான மெல்லிய எஃகுக்கு ஆகாது. ஹைட்ரஜன் உள்ளே புகுந்து எஃகு நொறுங்கும் தன்மை அடையலாம்.

சுழலும் பஃபிங் சக்கரத்தில் மெருகேற்றினால் வேலை சீக்கிரம் முடியுமே?

முடியும். கத்தியும் முடிந்துவிடும்.

எஃகைப் பழுக்கக் காய்ச்சிக் குளிர்விக்கும்போது அது கண்ணாடிபோல உடையும் கடினத்தை அடைகிறது. பிறகு இளஞ்சூட்டில் வைத்து அந்தக் கடினத்தைக் கொஞ்சம் தணிப்பார்கள். கத்தியின் பதம் என்பது இந்தச் சமநிலைதான். சவரக் கத்திக்கு அந்தச் சூடு 200 டிகிரி செல்சியசை ஒட்டியது. அதற்கு மேல் ஏறினால் எஃகு மெத்தென்று ஆகத் தொடங்கும். எங்கே ஏறியது என்பதை நிறமே காட்டிக்கொடுக்கும்: 220 டிகிரி அளவில் வைக்கோல் மஞ்சள், 250ஐத் தாண்டினால் பழுப்பு, 300ஐ நெருங்கும்போது நீலம்.

நான் பழகிய தொடக்கத்தில், நல்ல குழிவெட்டுக் கத்தி ஒன்றைச் சக்கரத்தில் வைத்தேன். விரலுக்குச் சூடு தெரியவில்லை, ஏனென்றால் நான் பிடித்திருந்தது தடித்த காம்பை. மெல்லிய முனைப் பக்கம், விளிம்பை ஒட்டி, கட்டைவிரல் நகம் அளவுக்கு மயில்கழுத்து நீலம் ஒன்று ஓடி நின்றது. கை எடுப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அந்த நீலத்தைத் தேய்த்து அழித்துவிடலாம், பதத்தை மீட்க முடியாது. அந்த இடத்தில் கூர் ஏறும், ஒரே சவரத்தில் மடங்கிவிடும். அந்தக் கத்தியை இன்றும் மேசையில் வைத்திருக்கிறேன். சுழலும் சக்கரத்தில் அலகு சிக்கினால் கத்தி பறந்து வந்து ஆளைக் குத்தும் என்பது இன்னொரு காரணம். கையால் செய்யுங்கள்.

கையால் எந்த அளவுக்குத் தேய்ப்பது? கண்ணாடிபோலப் பளபளக்க வேண்டுமா?

உங்கள் விருப்பம் என்று எழுதிவிட்டுப் போகலாம், ஆனால் எனக்கு இதில் உறுதியான கருத்து உண்டு. வேண்டாம். கண்ணாடி மெருகுக்காகக் குழிகளை முழுக்க அழிக்கப் போனால், ஆழமான குழி எவ்வளவு ஆழமோ அவ்வளவு எஃகை அலகு முழுவதிலும் சீவ வேண்டியிருக்கும். முத்திரை மங்கும், ஓரங்கள் மழுங்கும், கத்தி உருகிப்போன மெழுகுபோல ஆகிவிடும்.

தேய்த்தே ஆகவேண்டிய இடங்களில், நனைத்துத் தேய்க்கும் வகை உப்புத்தாள் நல்லது. 600 எண்ணில் தொடங்கி 1000, 2000 என்று மேலே போங்கள் (எண் கூடக் கூடத் துகள் நுண்மையாகும்). பெரிய குழி இருந்தால் மட்டும் 400. எண்ணெய் தொட்டு, முதுகிலிருந்து விளிம்பை நோக்கி ஒரே திசையில் தேயுங்கள். விளிம்பின் நீளவாக்கில் விரல் போகவே கூடாது. ஒரு தாளின் கீறல்கள் முழுக்க மறைந்தபிறகே அடுத்த தாளுக்குப் போக வேண்டும். முதுகின் ஓரத்தைத் தொடாதீர்கள், காரணத்தைத் தீட்டும் இடத்தில் சொல்கிறேன்.

தங்கப்பூச்சு இருக்கிறதா என்று முன்கூட்டியே பாருங்கள். சோலிங்கன் கத்தி ஒன்றின் அலகு முழுக்கக் கரிப்பிசினாக இருந்தது. ஈரத்துணியால் மெல்ல ஒற்றி எடுத்துக்கொண்டே வந்தபோது, அழுக்கின் அடியிலிருந்து ஒரு கொடியின் சுருள் தங்க நிறத்தில் தலைகாட்டியது. அந்தப் பூச்சு மூச்சுக்காற்று அளவுக்குத்தான் கனம். மெருகுப் பசை தொட்ட விரலால் நாலு முறை தடவியிருந்தால் போயே போயிருக்கும். சோப்பு நீரோடு நிறுத்திக்கொண்டேன். கொடி முழுசாக இருக்கிறது, அதைச் சுற்றிக் கொஞ்சம் கறையும் இருக்கிறது.

பிடியைக் கழற்ற வேண்டுமா?

அலகைப் பிடியோடு இணைக்கும் அச்சாணி இறுக்கமாக இருந்து, பிடி உடையாமல் இருந்தால் கழற்ற வேண்டாம். நீளமான துணிக் கீற்றில் மெருகுப் பசை தடவி, அலகுக்கும் பிடிக்கும் இடையே விட்டு இரு கையாலும் மாறி மாறி இழுத்தால் உட்புறம் சுத்தமாகிவிடும்.

பிடிக்குள்ளே துரு ஓடியிருந்தாலோ, பிடியின் இரு தகடுகளில் ஒன்று பிளந்திருந்தாலோ கழற்றத்தான் வேண்டும். நெம்பாதீர்கள், கொம்பு பிளந்துவிடும். ஆணியைச் சுற்றி ஒட்டுத்தாள் ஒட்டிக்கொண்டு, மழுங்கடித்த ஆணித்தலையைச் சிறு அரத்தால் வாஷரோடு சமமாகும்வரை அராவுங்கள். துளையிட்ட மரக்கட்டையின்மேல் வைத்து மெல்லிய துளைப்புளியால் தட்டினால் ஆணி கீழே இறங்கிவிடும். பழைய வாஷர்களைப் பத்திரப்படுத்துங்கள். பிடியில் அச்சாணிக்கு எதிர்முனையில் இரண்டு தகடுகளுக்கும் நடுவே இருக்கும் ஆப்பு பல பழைய கத்திகளில் ஈயம். அதைக் கையுறையோடு தொடுங்கள், உலர்ந்த நிலையில் தேய்த்துத் தூள் கிளப்பாதீர்கள்.

பிடி எதனால் செய்தது என்று எப்படி அறிவது?

கொம்பு, எலும்பு, தந்தம், ஆமை ஓடு, மரம், கெட்டி ரப்பர், செல்லுலாய்டு. இவற்றில் எதுவும் இருக்கலாம்.

கொம்புக்கு வெளிச்சத்தில் பிடித்தால் இழை தெரியும். வறண்டிருந்தால் நாள் கணக்கில் எண்ணெயில் ஊறவிடுங்கள். கோணியிருந்தால் வெந்நீரில் இளக்கி, இரண்டு தட்டையான பலகைகளுக்கு நடுவே இறுக்கி, ஆறும்வரை விட்டுவைத்தால் நேராகும். பூச்சி அரித்த சிறு பள்ளங்கள் கொம்பில் சகஜம். தந்தத்தில் குறுக்கும் நெடுக்குமாக வலைபோன்ற கோடுகள் ஓடும், எலும்பில் கருஞ்சிறு புள்ளிகள் தெரியும். யானைத் தந்தத்தின் பன்னாட்டு வணிகத்துக்கு 1989இல் தடை முடிவானது. ஆமை ஓட்டுக்கும் தடை உண்டு. எனவே விற்பதற்கும் நாடு கடந்து அனுப்புவதற்கும் முன் சட்டத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். கெட்டி ரப்பரை வெந்நீரில் போட்டால் கறுப்பு போய்ப் பழுப்பாகிவிடும்.

செல்லுலாய்டில்தான் எச்சரிக்கை அதிகம் தேவை. தேய்த்தால் கற்பூர வாசனை வரும். வயதாக ஆக இது சிதைந்து நைட்ரஜன் ஆக்சைடு வாயுக்களை வெளிவிடும். ஈரத்தோடு சேர்ந்தால் அவை நைட்ரிக் அமிலம். பிடிக்குள் மடங்கியிருந்த பகுதியில் மட்டும் அலகு கோரமாக அரித்திருந்து, ஆணியைச் சுற்றிப் பச்சை பூத்து, பிடியில் நுண்வெடிப்புகள் ஓடியிருந்தால் சிதைவு தொடங்கிவிட்டது. அதற்கு மருந்து கிடையாது. பிடியைக் கழற்றிவிட்டு அலகைக் காப்பாற்றுங்கள், பக்கத்தில் வேறு கத்தி எதையும் வைக்காதீர்கள். சட்டென்று தீப்பற்றும் பொருள் என்பதால் சூடான ஊசியால் குத்திச் சோதிப்பதும் கூடாது.

புது ஆணியை எப்படி அடிப்பது?

1.6 மில்லிமீட்டர் தடிமனுள்ள பித்தளைக் கம்பி போதும். வாஷருக்கு வெளியே இருபுறமும் முக்கால் மில்லிமீட்டர் மட்டும் நீட்டிக்கொண்டிருக்கும்படி வெட்டி அராவுங்கள். அதற்கு மேல் இருந்தால் ஆணி உள்ளே வளையும். உருண்டைத் தலைச் சிறு சுத்தியலால், நடுவில் அடிக்காமல், ஓரத்தைச் சுற்றிச் சுற்றித் தட்ட வேண்டும். தட்டு என்றால் விரல்நுனியால் மேசையைத் தட்டும் அளவு. ஐம்பது தட்டில் தலை குடைபோல விரியும். முதலில் ஆப்பு இருக்கும் முனை, பிறகு அச்சாணி. ஒவ்வொரு பத்துத் தட்டுக்கும் ஒருமுறை மடக்கிப் பாருங்கள். அலகு இரண்டு தகட்டிலும் உரசாமல் நடுவில் இறங்க வேண்டும்.

பிறர் பயன்படுத்திய கத்தியை முகத்தில் வைப்பது பாதுகாப்பானதா?

சோப்பால் தேய்த்துக் கழுவி, கருவிகளுக்கான கிருமிநாசினியில் அதன் குறிப்பில் உள்ள நேரம் ஊறவைத்து, உடனே உலர்த்துங்கள். அழுக்கு இருக்கும்வரை எந்தக் கிருமிநாசினியும் பலிக்காது. ப்ளீச் வேண்டாம், எஃகை அரித்துவிடும்.

தீட்டுவது எப்படி? கோணத்தை எப்படிப் பிடிப்பது?

கோணத்தை நீங்கள் பிடிக்க வேண்டாம், கத்தியே பிடித்துக்கொள்ளும். முதுகும் விளிம்பும் ஒரே நேரத்தில் கல்லைத் தொடும்படி படுக்க வைப்பதுதான் முறை. அலகின் அகலம் 19 மில்லிமீட்டர் என்றால் முதுகின் தடிமன் ஐந்தரையை ஒட்டியிருக்கும். அந்தக் கணக்கில் விளிம்பின் கோணம் 16, 17 டிகிரி வரும். முதுகைத் தேய்க்காதீர்கள் என்று மேலே சொன்னது இதற்காகத்தான். முதுகு மெலிந்தால் கோணமும் கூடவே சுருங்கி விளிம்பு தாங்காமல் போகும். தீட்டும்போது முதுகில் ஓர் அடுக்கு மின்காப்பு நாடா ஒட்டிக்கொள்வது பழைய கத்திக்கு மரியாதை. ஒட்டினால் கடைசிவரை ஒட்டியே தீட்டுங்கள்.

கல் சமதளமாக இருக்க வேண்டும். பென்சிலால் கல் முழுக்கக் கட்டம் போட்டு, வைரத் தகட்டில் தேயுங்கள். எல்லாக் கோடும் அழிந்தால் சமம். 1000 எண் கல்லில்தான் அடித்தளம். இங்கே விளிம்பின் இருபுறமும் கல் தேய்த்து உண்டாக்கும் சரிவுகள் ஒரே கோட்டில் சந்திக்காவிட்டால் பின்னால் எந்தக் கல்லும் காப்பாற்றாது. சரிவில் மார்க்கர் பேனாவால் மை பூசி, நாலு இழுப்பு இழுத்துப் பாருங்கள். மை எங்கே மிஞ்சுகிறதோ அங்கே கல் படவில்லை. பிறகு 4000, 8000, 12000. கடைசிக்கு இயற்கைக் கல் விரும்புபவர்கள் பெல்ஜியத்தின் கோட்டிக்யூல் கல்லையும் ஜெர்மனியின் துரிங்கியக் கல்லையும் தேடிப் போவார்கள்.

விளிம்பு முன்னே போக, காம்புப் பக்கத்தில் தொடங்கி முனைப் பக்கத்தில் முடியும்படி குறுக்குச் சாய்வாக இழுங்கள். திரும்பும்போது கத்தியை முதுகின்மேல் உருட்டித் திருப்ப வேண்டும், விளிம்பின்மேல் ஒருபோதும் கூடாது. அழுத்தம் கத்தியின் எடையை விடச் சற்றுதான் கூட. நீரின்மேல் அலகு சறுக்குவது மாறி, கல்லோடு மெல்ல ஒட்டி இழுபடுவதுபோல் கைக்குத் தெரியத் தொடங்கும்போது அந்தக் கல்லின் வேலை முடிகிறது.

கூர் வந்துவிட்டது என்று எப்படித் தெரியும்?

1000 எண் கல்லிலேயே முன்கை மயிரைத் தோலோடு ஒட்டி எடுக்க வேண்டும், அதுவும் காம்பிலிருந்து முனைவரை எல்லா இடத்திலும். முடித்தபிறகு, தொங்கும் ஒற்றை மயிரைத் தோலுக்கு மேலே, தொடாமல், ஓசையின்றி அறுக்கும். கட்டைவிரலை விளிம்பில் ஓட்டிப் பார்க்காதீர்கள்.

தோல்வாரில் எத்தனை முறை இழுக்க வேண்டும்?

துணிப் பட்டையில் முப்பது, தோலில் அறுபது என்பது பலரும் கைக்கொள்ளும் கணக்கு. இங்கே திசை மாறுகிறது: முதுகு முன்னே போகும், விளிம்பு பின்னால் வரும். வார் தொய்யக் கூடாது. தொய்ந்தால் விளிம்பு உருண்டுவிடும். சவரத்துக்குப் பிறகு அல்ல, அடுத்த சவரத்துக்கு முன் தோலில் இழுங்கள். கூர் சற்று மந்தமானால், 0.5 மைக்ரான் குரோமியம் ஆக்சைடு பூசிய வாரில் பத்து இழுப்பு போதும். உடனே கல்லுக்கு ஓட வேண்டியதில்லை.

சீரமைத்த கத்தியை எப்படிப் பாதுகாப்பது?

இந்த எஃகு துருப்பிடிக்கக் கூடியது; ஒரே ஓர் ஈர இரவு போதும். ஒவ்வொரு சவரத்துக்குப் பிறகும் கழுவி, துடைத்து, பிடியின் இடுக்கையும் மெல்லிய துணியால் ஒற்றி, திறந்த நிலையிலேயே சில மணி நேரம் விடுங்கள். நீண்ட நாள் வைப்பதென்றால் கனிம எண்ணெயோ கமேலியா எண்ணெயோ மெல்லிசாகப் பூசி, குளியலறைக்கு வெளியே வையுங்கள். தோல் உறையில் வைக்காதீர்கள், தோல் ஈரத்தைப் பிடித்துவைக்கும். மாதம் ஒருமுறை எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள். விளிம்பில் பொட்டுப்போல ஒரு பழுப்புப் புள்ளி இருந்தால் அன்றே துடைத்துவிடலாம்.

ஒரு கத்தியைச் சீரமைக்க எவ்வளவு காலம் ஆகும்?

பிடியைக் கழற்றாத கத்தி என்றால் இரண்டு மாலைப்பொழுது. கழற்றினால், கொம்பு எண்ணெயில் ஊறுவதையும் சேர்த்து இரண்டு வாரம். முதல் கத்தியாக ஷெஃபீல்டின் பழைய ஆப்பு வடிவக் கத்தியை எடுக்காதீர்கள். அதன் சரிவு அகலமானது, கல்லில் பொறுமையைச் சோதிக்கும். விரிசல் இல்லாத, அளவாகக் குழித்த, 16 மில்லிமீட்டர் அகலமுள்ள, பெயர் தெரியாத சாதாரணக் கத்தி ஒன்றில் தொடங்குங்கள். அதில் கை பழகியபின் தாத்தாவின் கத்தியை எடுக்கலாம். அதுவரை அதில் எண்ணெய் மட்டும் இருக்கட்டும்.